உருகுநிலை பார்க்கக் கற்றுக்கொள்வோம்: டெல்டா கல்லூரிகளில் வேதியியல் சேர்ந்தவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எந்த ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தாலும், கரிமப் பொருள்களைக் கையில் எடுக்கும் நாளில் உருகுநிலை பார்க்கச் சொல்வார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த முதல் வாரம் சிரமம்தான். பெயர்கள் புதிது, கண்ணாடிச் சாமான்கள் புதிது, பக்கத்து மேஜைக்காரர் முடித்துவிட்டாரே என்ற பதற்றம் வேறு. ஆனால் இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காய்ந்த பொருள், நல்ல வெளிச்சம், கடைசிப் பதினைந்து டிகிரிக்கு அவசரப்படாத கை ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

ஒரு பொருளின் திண்மமும் திரவமும் கூடவே நிற்கும் வெப்பநிலைதான் அதன் உருகுநிலை. சுத்தமான பொருளுக்கு இது கிட்டத்தட்ட அடையாள அட்டை மாதிரி. நாப்தலீன் 80 டிகிரி செல்சியஸ், அசிட்டனிலைடு 114, பென்சாயிக் அமிலம் 122, யூரியா 132 முதல் 133, சாலிசிலிக் அமிலம் 158 முதல் 159. சுத்தமாக இருந்தால் உருக ஆரம்பிப்பதும் முடிவதும் ஒரு டிகிரிக்குள், மிஞ்சினால் இரண்டு டிகிரிக்குள் நடந்துவிடும். அந்நியப் பொருள் கலந்திருந்தால் இரண்டு மாற்றம் தெரியும்: முன்னதாகவே உருக ஆரம்பிக்கும், உருகி முடிக்க நிறைய டிகிரி எடுத்துக்கொள்ளும்.

சுவாமிமலையில் சிலைக்கு மெழுகு வேலை செய்வதைப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மெழுகு ஒரே டிகிரியில் தண்ணீராகாது. இளகி, குழைந்து, அப்புறம்தான் ஓடும். கலவையின் குணம் அது. சிற்பிக்கு அந்தக் குழைவுதான் வேண்டும். தூளை அடைத்து எண்ணெயில் சூடாக்கிப் பார்க்கும் நம் மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் (கேப்பிலரி) அதே குழைவு தெரிந்தால், பொருளில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, உருகுநிலையை ஒற்றை எண்ணாக எழுதக்கூடாது. 'பென்சாயிக் அமிலம், 121–122' என்று ஆரம்பமும் முடிவும் சேர்த்து இரண்டு எண்களாக எழுதுங்கள். முதல் எண்ணும் இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் பொருளின் சுத்தத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஒற்றை எண்ணாக எழுதினால் அந்தச் செய்தியில் பாதி போய்விடும்.

முதலில் உலர்த்துங்கள்

டெல்டாவில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான். ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக்காலம். காற்று முழுக்க ஈரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். வெந்நீரில் மறுபடிகமாக்கி (கரைத்து, ஆறவிட்டு, மறுபடி படிகமாக்கி) எடுத்த பென்சாயிக் அமிலத்தை வாட்ச் கிளாஸில் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டில்) பரப்பி ஜன்னலோரம் வைத்தால், சித்திரை வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். கார்த்திகையில் மறுநாளும் ஈரமாகத்தான் கிடக்கும். உருகும் பொருளில் கரையக்கூடிய எதுவும் அதன் உருகுநிலையைக் கீழே இழுக்கும். தண்ணீரும், படிகமாக்கப் பயன்படுத்திய ஆல்கஹாலும் அப்படித்தான். 122-இல் பளிச்சென்று உருக வேண்டியது 112-இல் கசிய ஆரம்பித்து 119 வரை இழுக்கும். பொருளைத் தப்பாகத் தயாரித்துவிட்டோம் என்று மாணவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பொருள் சரியாகத்தான் இருக்கும், காயவில்லை, அவ்வளவுதான்.

யூரியாவைப் பற்றி விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். தாளடிக்குப் பிரித்த மூட்டையின் வாயைக் கட்டாமல் விட்டால் இரண்டு நாளில் என்ன ஆகும் என்று வீட்டில் பார்த்திருப்பீர்கள். ஆய்வகப் புட்டியில் இருக்கும் யூரியாவும் அதே குணம் கொண்டதுதான். இன்னொன்று: உரக்கடை யூரியாவை வீட்டிலிருந்து கொண்டுவந்து சோதிக்க வேண்டாம். இப்போது கடையில் கிடைப்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. அந்தப் பூச்சே ஒரு கலப்புதான்; எண் கீழே இறங்கி நிற்கும்.

உலர்த்துவதை இப்படிச் செய்யுங்கள். படிகத்தை இரண்டு வடிதாள்களுக்கு நடுவே வைத்து ஸ்பாட்டுலாவின் (தூள் அள்ளும் சிறு கரண்டியின்) தட்டையான பக்கத்தால் அழுத்துங்கள். தாளில் ஈரத் திட்டு விழாத வரைக்கும் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு வாட்ச் கிளாஸில் மெல்லிய படலமாகப் பரப்பி, டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் பொருளை அடியில் போட்ட மூடிய கண்ணாடிச் சாடியில்) ஒரு ராத்திரி வையுங்கள். வைக்கும் முன் டெசிகேட்டரின் அடியைப் பாருங்கள். நீல சிலிக்கா ஜெல் ரோஜா நிறமாக மாறியிருந்தால் அது ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது. ஆய்வகத்தின் மின்சார அடுப்பான 'அவனில்' (oven) 110 டிகிரிக்குச் சற்று மேலே வைத்துச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். கால்சியம் குளோரைடு போட்டிருந்து அது கரைந்து தண்ணீராக நின்றால் மாற்றியே ஆக வேண்டும். மூடியின் விளிம்பில் வாசலின் காய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் அந்த இடுக்கு வழியாகவே ஈரம் உள்ளே போகும்.

அவசரத்துக்கு அவனில் வைப்பவர்கள், பொருளின் உருகுநிலைக்குக் குறைந்தது முப்பது டிகிரி கீழே வையுங்கள். நாப்தலீனை அவனுக்குள் வைக்கவே வேண்டாம், ஆவியாகியே தீர்ந்துவிடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஸ்பாட்டுலாவைச் சாய்த்தால் தூள் ஒட்டாமல் சரிய வேண்டும். கேப்பிலரிக்குள் போட்டபின் வாயருகிலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தால், இன்னும் ஈரம் இருக்கிறது. இதையும் தாண்டிவிட்ட ஈரம் சூடாக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும்: எண்ணெய்க்கு வெளியே நிற்கும் கேப்பிலரியின் குளிர்ந்த சுவரில், ஊசிமுனை அளவில் பனித்துளி போலப் படியும். அதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிட்டு டெசிகேட்டருக்குத் திரும்புங்கள்.

கேப்பிலரி

ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் துளை, மெல்லிய சுவர். இரண்டு பக்கமும் திறந்திருப்பதுதான் பெரும்பாலும் கையில் கொடுக்கப்படும். ஒரு முனையை நாமே அடைக்க வேண்டும். பன்சன் பர்னரின் நீலச் சுடரின் ஓரத்தில், நடுவில் இல்லை, முனையை மட்டும் நீட்டி, விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே இருங்கள். சில நொடிகளில் துளை மூடிவிடும். அதிக நேரம் காட்டினால் முனை தடித்து உருண்டையாகிவிடும். தடித்த கண்ணாடி வழியாகச் சூடு தாமதமாகப் போகும், உள்ளே என்ன நடக்கிறதென்றும் தெரியாது. அடைத்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக மூடாத குழாய்க்குள் எண்ணெய் ஏறி, பொருள் உருகிவிட்டது போலவே ஏமாற்றும்.

தூளை வாட்ச் கிளாஸில் நன்றாகப் பொடியுங்கள். திறந்த முனையைத் தூளில் குத்தி எடுங்கள், குழாயைத் திருப்பி அடைத்த முனையை மேஜையில் மெதுவாகத் தட்டுங்கள். அரை மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை மேஜைமேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் வழியாகக் கேப்பிலரியை நாலைந்து முறை விழவிட்டால் தூள் இறுகி உட்கார்ந்துவிடும். உடையாது, பயப்பட வேண்டாம். உயரம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் போதும். ஒரு சென்டிமீட்டர் அடைத்துவைத்தால் அடிப்பகுதி உருகி முடிந்தபின்னும் மேல்பகுதி திண்மமாகவே நிற்கும். சுத்தமான பொருளுக்கும் ஐந்து டிகிரி இடைவெளி வரும். தளர்வாக அடைத்தாலும் கேடுதான். இடையில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேப்பிலரி தயார் செய்துகொள்ளுங்கள். ஏன் என்று கீழே வரும்.

எண்ணெய்க் குளியல்

பழைய ஆய்வகங்களில் பெரும்பாலும் தீலே குழாய் இருக்கும். ஜெர்மன் வேதியியலர் யோஹான்னஸ் தீலே 1907-இல் சொன்ன வடிவம் அது. பக்கவாட்டில் முக்கோணக் கைபோல ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவை மட்டும் சூடாக்கினால் சூடான எண்ணெய் மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கி, தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கலக்கி வேண்டாம். எளிமையான யோசனை, நூறு வருஷத்துக்கு மேலாகியும் இதை மிஞ்ச வேறொன்று வரவில்லை என்பது என் எண்ணம். தீலே குழாய் இல்லாத இடத்தில் சின்ன பீக்கரும் கண்ணாடிக் கலக்கியும் வைத்துச் செய்யலாம். கை ஓயாமல் கலக்க வேண்டியிருக்கும்.

உள்ளே ஊற்றுவது திரவ பாரஃபின் என்ற எண்ணெய். பக்கக் கையின் மேல் இணைப்புக்குச் சற்று மேலே வரை ஊற்றினால் போதும், சூட்டில் அது விரிந்து மேலேறும். 200 டிகிரி வரை இதை நம்பலாம், அதற்கு மேல் புகையும். சாலிசிலிக் அமிலம் வரை தைரியமாகப் பார்க்கலாம். அதற்கு மேற்பட்ட பொருள்களுக்கு மின்சாரக் கருவிக்குப் போய்விடுங்கள். பழுப்பேறிப் போன எண்ணெய் வழியாக எதுவும் தெரியாது, மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கேப்பிலரியைத் தெர்மாமீட்டரோடு சேர்த்து, ரப்பர் குழாயிலிருந்து வெட்டிய சின்ன வளையத்தால் கட்டுங்கள். பொருள் இருக்கும் முனை, தெர்மாமீட்டர் குமிழின் நடுவுக்கு நேராக ஒட்டி நிற்க வேண்டும். வளையம் எண்ணெய்க்கு மேலே இருக்கட்டும். சூடான எண்ணெயில் முங்கினால் ரப்பர் இளகிக் கேப்பிலரி நழுவிவிடும். பள்ளம் வெட்டிய கார்க்கில் தெர்மாமீட்டரைச் செருகி, ஸ்டாண்டில் மாட்டுங்கள். கார்க்கில் அந்தப் பள்ளம் இருந்தே ஆக வேண்டும். முழுக்க அடைத்த குழாயைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

பற்றவைக்கும் முன்: மின்விசிறியை நிறுத்துங்கள், சுடர் ஆடினால் சூடும் ஆடும். துப்பட்டா, முடி இரண்டையும் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. எண்ணெய் தீப்பிடித்தால் உடனே கேஸை மூடுங்கள், மணல் போடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

கடைசிப் பதினைந்து டிகிரி

பொருள் இன்னதென்று தெரிந்திருந்தால், உருகுநிலைக்குப் பதினைந்து இருபது டிகிரி கீழே வரைக்கும் வேகமாகவே ஏற்றலாம். பென்சாயிக் அமிலத்துக்கு 105 வரை. அங்கிருந்து நிமிடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு டிகிரி. சுடரைக் குறைத்து, காட்டி, விலக்கி, மறுபடி காட்டிக் கொண்டுபோக வேண்டும். கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் ஏற்றுகிறோம் என்று மனசுக்குத் தோன்றுவதை நம்பாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்தால் நிமிடத்துக்கு ஐந்தாறு டிகிரி ஓடியிருக்கும். பாதரசம் ஒருபக்கம், கேப்பிலரி ஒருபக்கம். இரண்டும் ஒரே வேகத்தில் சூடாக நேரம் கொடுக்கத்தான் இந்த நிதானம்.

பொருள் இன்னதென்று தெரியாவிட்டால் முதல் கேப்பிலரியை வேகமாக, நிமிடத்துக்குப் பத்து டிகிரி வீதம் ஓட்டி, ஏறக்குறைய எங்கே உருகுகிறது என்று பாருங்கள். எண்ணெயை அந்த எண்ணுக்கு இருபது டிகிரி கீழே ஆறவிட்டு, புதுக் கேப்பிலரியோடு நிதானமாக ஓட்டுங்கள். மூன்றாவது, இரண்டாவதைச் சரிபார்க்க. ஒருமுறை உருகிய கேப்பிலரியை மறுபடி பயன்படுத்தக்கூடாது. சில பொருள்கள் முதல் சூட்டிலேயே கொஞ்சம் சிதைந்துவிடும். சில, ஆறும்போது வேறு படிக வடிவத்தில் உறையும்.

உள்ளே என்ன தெரியும் என்பதை ஒருமுறை கூர்ந்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. முதலில் தூள் லேசாகச் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். இது உருகுதல் ஆகாது, குறிப்பில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, வெள்ளைத் தூளின் ஓரத்தில், கண்ணாடியை ஒட்டி, முதல் தெளிந்த துளி மினுங்கும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவது முதல் எண். துளிகள் கூடி, நடுவில் மிதக்கும் கடைசிப் படிகமும் கரைந்து, முழுக்கத் தெளிந்த திரவமாகும் நொடியில் இரண்டாவது எண். வாசிக்கும்போது கண் பாதரச மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். குனிந்தோ எக்கியோ பார்த்தால் ஒரு டிகிரி அப்படியே போகும். கருப்புத் தாளைப் பின்னால் பிடித்தால் வெள்ளைப் பொருள் நன்றாகத் தெரியும். இருவர் சேர்ந்து செய்தால் ஒருவர் கேப்பிலரியைப் பார்க்க, மற்றவர் எண்ணைச் சொல்வது நல்ல பழக்கம்.

எழுத வேண்டியது, நீங்கள் கண்ட எண்ணை. இதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். புத்தகத்தில் 122 என்று இருக்கிறது, நமக்கு 117–120 வந்தது, மதிப்பெண் போய்விடுமோ என்று பயந்து ரெக்கார்டில் 122 என்று எழுதுவது பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. 117–120 என்பது உங்கள் பொருளைப் பற்றிய உண்மையான செய்தி: இன்னொருமுறை படிகமாக்கு, அல்லது காயவை என்று அது சொல்கிறது. 122 என்று மாற்றி எழுதிய நொடியில் அந்தச் செய்தி அழிந்துபோகிறது. நாளைக்கு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலைக்குப் போகும்போது இதே கை இதே பழக்கத்தோடுதான் போகும். மாணவர் கண்ட எண்ணையும், அது ஏன் குறைந்தது என்று அவர் சொல்லும் காரணத்தையும் சேர்த்து மதிப்பெண் போடும்படி பாடம் எடுக்கிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

தெர்மாமீட்டர் பொய் சொல்கிறதா?

சொல்லும், அடிக்கடி. உருகும் பனிக்கட்டியில் வைத்தால் 0, கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் வைத்தால் 100 காட்ட வேண்டும். நம் டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளி என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 100-லேயே கொதிக்கும். ஊட்டிக் கல்லூரிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. நூறுக்கு மேலே சரிபார்க்க, புட்டியில் வந்த சுத்தமான அசிட்டனிலைடும் சாலிசிலிக் அமிலமும் போதும்.

இன்னொரு பிழை, தெர்மாமீட்டரின் மேல்பாதி வெளிக்காற்றில் நிற்பதால் வருவது. முழுக்க முங்கும்படி அளவிட்ட தெர்மாமீட்டரில், எண்ணெய்க்கு வெளியே நிற்கும் பாதரசம் சூடாகாததால் குறைவாகக் காட்டும். திருத்தம் சுலபம்: 0.00016-ஐ, வெளியே நிற்கும் பாதரசத்தின் டிகிரி எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதை மறுபடி, படித்த வெப்பநிலைக்கும் வெளித்தண்டின் சராசரி வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். யூரியாவுக்கு 131 படித்தீர்கள், எண்ணெய் மட்டம் 40-ஆவது கோட்டில், வெளித்தண்டின் நடுவே இன்னொரு தெர்மாமீட்டரை ஒட்டிவைத்தால் 45 காட்டுகிறது என்று வையுங்கள். 0.00016 × 91 × 86, சுமார் 1.3. திருத்திய எண் 132.3. சில தெர்மாமீட்டரில் முங்க வேண்டிய அளவுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வரை முங்கவைத்தால் இந்தக் கணக்கு தேவையில்லை.

ஒரே எண், இரண்டு பொருள்

பென்சாயிக் அமிலமும் பீட்டா நாப்தாலும் இரண்டுமே 122-ஐ ஒட்டி உருகும். யூரியாவும் சின்னமிக் அமிலமும் 133 பக்கம். அப்படியானால் கையில் இருப்பது எது? கலப்பு உருகுநிலை இதைத் தீர்த்துவைக்கும். உங்கள் பொருளையும், புட்டியில் இருக்கும் பென்சாயிக் அமிலத்தையும் சம அளவு எடுத்துச் சேர்த்துப் பொடியுங்கள். தனிப்பொருள் ஒன்று, புட்டிப்பொருள் ஒன்று, கலவை ஒன்று என்று மூன்று கேப்பிலரிகளை ஒரே தெர்மாமீட்டரில் கட்டிச் சூடாக்குங்கள். மூன்றும் ஒன்றாக உருகினால் உங்களிடம் இருப்பது பென்சாயிக் அமிலமேதான். கலவை மட்டும் பல டிகிரி முன்னாலேயே கசிந்து வழிந்தால், அது வேறு பொருள். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் தெர்மாமீட்டரின் பிழை இந்த முடிவைத் தொடாது. இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

மளிகைக் கடை அந்துருண்டையையும் இப்படி விசாரிக்கலாம். சிலது நாப்தலீன், 80-இல் உருகும். சிலது பாரா டைகுளோரோபென்சீன், 53-லேயே உருகிவிடும். தண்ணீர்க் குளியலே போதும்.

சிக்கல் பண்ணும் பொருள்கள் சில உண்டு. ஆக்சாலிக் அமிலப் புட்டியில் இருப்பது பெரும்பாலும் நீரேறிய படிகம். 101-ஐ ஒட்டித் தன் படிக நீரிலேயே கரைந்து உருகும். புத்தகத்தில் 189 என்று பார்த்தால் அது நீரற்றதற்கு. கற்பூரம் உருகும் முன்பே ஆவியாகி மேலே படிந்துவிடும், அதற்குக் கேப்பிலரியின் இரண்டு முனையையும் அடைத்து முழுக்க எண்ணெய்க்குள் முங்கவைக்க வேண்டும். ஓசசோன்கள் (சர்க்கரைகளிலிருந்து தயாரிக்கும் மஞ்சள் படிகங்கள்) உருகும்போதே சிதையும். நிறம் கருத்தாலோ குமிழி விட்டாலோ எண்ணுக்குப் பக்கத்தில் 'சிதைவுடன்' என்று எழுதுங்கள். இவற்றை ரொம்ப மெதுவாக ஏற்றினால் உருகும் முன்பே சிதைந்து எண் இறங்கிவிடும். அதனால் எதிர்பார்க்கும் எண்ணுக்குச் சற்றுக் கீழே வரை எண்ணெயைச் சூடாக்கியபின் கேப்பிலரியை உள்ளே விடுவதே வழக்கம்.

மின்சாரக் கருவியில் அலுமினியக் கட்டி, பூதக்கண்ணாடி, விளக்கு எல்லாம் உண்டு, எண்ணெய்த் தொல்லை இல்லை. ஆனால் குமிழைத் திருகியபின் சூடு ஏறத் தாமதமாகும், குறைத்தபின்னும் சற்று நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசி இருபது டிகிரிக்கு முன்பே குறைத்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் அந்தக் கேப்பிலரியை எடுத்துப் போட்டுவிட்டு, வந்தபின் புதிதாக ஆரம்பியுங்கள்.

முடித்தபின் தெர்மாமீட்டரைச் சூட்டோடு குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், விரிசல் விடும். ஸ்டாண்டிலேயே ஆறட்டும், பிறகு வடிதாளால் எண்ணெயைத் துடையுங்கள். உடைந்து பாதரசம் சிந்தினால் கையால் தொடாமல், உடனே ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுங்கள். பயன்படுத்திய கேப்பிலரிகள் சிங்க்கில் போகக்கூடாது, உடைந்த கண்ணாடிக்கு வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள். தீலே குழாயின் வாயை மூடிவையுங்கள். மழைக்காலத்தில் மூடாமல் விட்ட எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தால், அடுத்த நாள் அதைச் சூடாக்குகிறவரின் முகத்துக்கு நேரே நூறு டிகிரியில் படபடவென்று தெறிக்கும்.